கிராணி வீட்டுக் கூடத்துத் தரை

1

ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான். "அங்கே ஊட்டி மாதிரி குளுகுளுன்னு இருக்குமாமே?" இருக்கும். துவைத்துப் போட்ட புடவை மூன்று நாள் கொடியில் தொங்கினாலும் ஈரம் போகாது. பொரித்த அப்பளம் சாப்பிட உட்காருவதற்குள் நமுத்துவிடும். மரத்தில் பூசிய வார்னிஷ் கை வைத்தால் கையோடு வரும். மலையழகைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்துப் படிக்க ஆரம்பித்தவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நான் இன்றைக்கு எரிச்சலில் இருக்கிறேன்.

இந்தக் கார்த்திகை வந்தால், திருச்சி உறையூரிலிருந்து கல்யாணமாகி மலேசியாவின் இந்தக் கேமரன் மலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. என் கணவர் குணசேகரன் இந்தத் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்தவர். அவருடைய தாத்தா காலத்தில் சேலம் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்க வந்த குடும்பம். இவர் படித்துத் தோட்டத்து ஆபீசில் குமாஸ்தா ஆனார். இங்கே அதற்குக் கிராணி என்று பெயர். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலம் ஆனாலும் அவன் காலத்துப் பதவிப் பெயர்கள் போகவில்லை. மேனேஜரை இன்னும் துரை என்றுதான் சொல்கிறார்கள். இப்போதைய துரை ஜீன்ஸ் போட்ட மலாய்க்கார இளைஞர். அப்படிக் கூப்பிட்டால் அவருக்கே கூச்சமாக இருக்கிறது.

கம்பெனி கிராணிக்குக் கொடுத்திருக்கும் மர வீட்டில் இருக்கிறோம். சுவர் பலகை, கூரை தகரம், தரை கெம்பாஸ் என்கிற இந்த ஊர்க் காட்டு மரம். ஆணி அடித்தால் ஆணிதான் வளையும், அவ்வளவு கெட்டி. அதையே கிராணிக் குடும்பங்கள் மாறி மாறி மிதித்துத் தேய்த்திருந்தன. வாசலிலிருந்து அடுப்படி வரை நடந்த தடம் பள்ளமாகவே விழுந்திருந்தது. கூடத்தின் நடுவில் யாரோ மண்ணெண்ணெய் அடுப்பு வைத்துச் சுட்ட கறுப்பு வட்டம். மற்ற இடமெல்லாம் சிலாம்பு. காலைத் தேய்த்து நடந்தால் பாதத்தில் ஏறும், ஊசி வைத்து நெம்பி எடுக்க வேண்டும்.

எனக்கு அந்தத் தரையோடு முதல் நாளிலிருந்தே ஒத்துப்போகவில்லை. உறையூரில் தரை என்றால் வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு வாளி தண்ணீரை ஊற்றி, விளக்குமாற்றால் தள்ளி, வாசல் வழியாக வெளியே விடுவது. வந்த புதிதில் இங்கேயும் வாளியோடு போய் நின்றேன். "ஐயோ, பலகை உப்பிரும்!" என்று மாமியார் ஓடிவந்து வாளியைப் பிடுங்கினார். அன்றிலிருந்து ஈரத்துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறேன். துடைத்தேன் என்ற திருப்தி ஒரு நாளும் வந்ததில்லை.

எங்களுக்கு ஒரே மகள், தர்ஷினி. ஈப்போவில் ஹோட்டல் நிர்வாகம் படித்து முடித்து, வைகாசியில் வீடு வந்து சேர்ந்தாள். சின்ன வயதிலிருந்து தானா ராத்தாவில் ஒரு டீச்சரிடம் பரதநாட்டியம் கற்று அரங்கேற்றமும் செய்தவள். அந்த டீச்சர் கோலாலம்பூருக்குக் குடிபோன பிறகு லயத்துப் பிள்ளைகளுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அம்மாக்கள் வந்து தர்ஷினியிடம் கேட்டார்கள். அதே நேரத்தில் ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலில் அவளுக்கு வேலையும் வந்தது. ஆகஸ்ட் முடிவதற்குள் வருகிறேன், இல்லை என்று பதில் சொல்ல வேண்டும். ஜொகூர் எங்கே, நாங்கள் எங்கே. பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போய்விடும்.

நான் வாயைத் திறந்து போகாதே என்று சொல்லவில்லை. ஆனால் சாப்பாடு போடும்போது முகம் சொல்லியிருக்கும் போல. அவளே ஒரு நாள் சொன்னாள், பேச்சுக்குப் பேச்சு இந்த ஊர் 'லா' போட்டு.

"கோயில் ஹால் சிமெண்டு லா மா. அதுல தட்டடவு போட்டா பிள்ளைங்க முட்டி என்னாகுறது? நம்ம வீட்டு ஹால் பலகைதான் நல்லது. ஆனா இந்தச் சிலாம்ப வச்சிக்கிட்டு எப்படி? தரைய மட்டும் சரி பண்ணிக் குடுங்க. ஒரு வருசம் இங்கயே இருந்து கிளாஸ் எடுக்குறேன். ஜொகூர் போகல."

ஒரு வருடம். அதற்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம், மனசு மாறலாம், இங்கேயே பிரிஞ்சாங்கில் ஏதாவது ஹோட்டலில் வேலை கிடைக்கலாம். நான் அந்த ஒரு வருடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கே என் கணவரிடம் தரையைத் தேய்த்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

2

வீடு கம்பெனியுடையது. ஆணியைக் கழற்றுவதென்றாலும் அனுமதி வேண்டும். அனுமதிக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். தோட்டத்தில் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்து, துரையிடம் வைத்து, தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறவர் யார் என்றால் கிராணி. ஆக என் கணவர் தனக்குத் தானே ஒரு விண்ணப்பம் எழுதி, தன் தட்டிலேயே போட்டு, மறுநாள் காலையில் அதை எடுத்துப் பிரித்துப் படித்தார். நான் கதை கட்டவில்லை.

கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தது. என்ன மரம், எதற்காகத் தேய்க்க வேண்டும், போட்டோ எங்கே. பதில் எழுதுவதற்காக அது கிராணிக்கே வந்தது. அவர் பதில் எழுதினார். மறுபடி வந்தது. தரையைத் தேய்ப்பதற்குப் பதிலாக மேலே ரப்பர் விரிப்பு போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார்கள்.

"நீங்கதானே ஆபீசு? நீங்களே சரின்னு எழுதிக்கக் கூடாதா?" என்றேன்.

"அப்படிலாம் செய்ய முடியாது அமுதா. ரூல் இருக்கு லா."

உறையூரில் நாங்கள் இருந்தது ஒரு வாடகை போர்ஷன். சுவரில் காலண்டர் மாட்ட ஆணி அடித்தால், மாடியிலிருந்து வீட்டுக்கார மாமி, "யாரு கேட்டு அடிக்கிறீங்க?" என்று கத்துவார். அம்மா கீழிருந்து பதில் கத்துவாள். சம்மதமோ சண்டையோ, அன்றைக்கே முடிந்துவிடும். எனக்கு அந்த மாமியை அப்போது பிடிக்காது. இப்போது அவரைக் கோலாலம்பூர் ஆபீசில் உட்கார வைத்தால் தேவலை என்று இருந்தது.

அனுமதி வந்தபோது ஆடி பிறந்துவிட்டது.

3

மெஷின் வாடகைக்கு எடுக்கப் பிரிஞ்சாங்குக்குப் போனோம். மார்க்கெட் பக்கம் ஒரு சீனர் வைத்திருக்கும் ஹார்டுவேர் கடை. நான் முந்திக்கொண்டு "உப்புத்தாள்" கேட்டேன். தவுக்கேக்கு, இங்கே கடை முதலாளிக்கு அதுதான் பெயர், புரியவில்லை, சரி. கூட வேலை செய்யும் தமிழ்ப் பெண்ணுக்கும் புரியவில்லை. அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "உப்பு வேணும்னா எதிர்த்தாப்ல மளிகக் கடையில இருக்கும்கா" என்றாள். பிறகு என் கணவர் மலாயில் கெர்த்தாஸ் பாசிர் என்று கேட்டு வாங்கினார். மணல் காகிதமாம். இத்தனை வருடம் கழித்தும் கடையில் நின்று ஒரு சாமானின் பெயர் சொல்ல வராமல் விழிக்க வேண்டியிருக்கிறது. வந்த முதல் வாரம், "பசியாறிட்டீங்களா?" என்று காலையில் ஒருவர் கேட்டதற்கு, எனக்குப் பசியே இல்லையே என்று பதில் சொன்ன ஆள் நான். காலைச் சாப்பாட்டுக்கு இங்கே அதுதான் பேச்சு.

தவுக்கே இரண்டு மெஷின் கொடுத்தார். பெரியது புல் வெட்டும் இயந்திரம் மாதிரிக் கைப்பிடி வைத்தது, அடியில் மணல் காகிதம் சுற்றிய உருளை சுழலும். சின்னது ஓரங்களுக்கு. முதலில் சொரசொரப்பான தாள், அப்புறம் நடுத்தரம், அப்புறம் நைஸ். மர ரேகையின் போக்கிலேயே தள்ள வேண்டும். உருளை சுற்றும்போது மட்டும் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது என்று தவுக்கே விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். ஆள் வைத்துச் செய்துவிடலாம் என்று நான் சொன்னதை என் கணவர் காதில் வாங்கவில்லை. "நம்ம வீடு, நம்ம பிள்ள, நானே செய்யிறேன்" என்றார்.

அவர் எந்த வேலையிலும் நடுவில் நின்று யோசிக்கிற மனிதர். மெஷினிலும் யோசித்தார். அவர் யோசித்த இடத்தில் கூடத்தின் நடுவே ஒரு குழி விழுந்தது. அந்தக் குழியைச் சமப்படுத்தச் சுற்றிலும் தேய்த்தார். அது பெரிய குழி ஆனது. அதைச் சமப்படுத்த இன்னும் தேய்த்தார். பழைய மண்ணெண்ணெய் வட்டம் போன இடம் தெரியவில்லை, பலகையின் கனமும் போன இடம் தெரியவில்லை. நான் அடுப்படியிலிருந்து, "போதும்ங்க, போதும்ங்க" என்று கத்தியது மெஷின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

அந்த நாட்களைப் பற்றி ஒரு நல்ல விஷயமும் சொல்ல வேண்டும். மெஷின் ஓட்டுவதற்கு முன் ஆணித் தலைகளையெல்லாம் பலகைக்குள் இறக்க வேண்டும், இல்லையென்றால் தாள் கிழிந்துவிடும். நானும் தர்ஷினியும் எதிரெதிராகக் குத்த வைத்து உட்கார்ந்து அதைச் செய்தோம். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, இரண்டு பேரும் கொள்ளைக்காரிகள் மாதிரி இருந்தோம். அவள் பாடம் சொல்லிக்கொடுக்கும் திட்டத்தையெல்லாம் சொன்னாள். யாரை முன் வரிசையில் நிறுத்துவது, பொங்கலுக்குக் கோயிலில் எதை ஆடவைப்பது என்று. தூள் பறந்து அடங்கியதும் அடியிலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு நிறம் வந்தது. இருபத்திரண்டு வருடமாகக் கறுப்பு என்று நினைத்துத் துடைத்த தரை அது. "வாவ், சந்தேக் லா மா" என்றாள். சந்தேக் என்றால் மலாயில் அழகு.

நான் அந்தச் சந்தோஷத்தில் உறையூர்க் கதை ஒன்று சொன்னேன். பக்கத்து வீட்டில் மொசைக் போட்டு பாலிஷ் பிடித்தபோது மெஷின் அடியிலிருந்து வெள்ளைக் கரைசல் தெருச் சாக்கடை வரை ஓடியது, நாங்கள் வேடிக்கை பார்த்துத் திட்டு வாங்கினோம், கடைசியில் தரையில் முகம் தெரிந்தது. "மொசைக்னா என்னமா?" என்று கேட்டாள். நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் போன் அடித்தது. கூட்டாளி, அதாவது சிநேகிதி. அரை மணி நேரம் மலாயிலும் இங்கிலீஷிலும் சிரித்துச் சிரித்துப் பேசினாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியில் ஜொகூர் இரண்டு முறை வந்தது.

4

தேய்த்து முடிந்தது ஆடி வெள்ளிக்கிழமை. மறுநாள் வார்னிஷ் போடலாம் என்று திட்டம். மெஷினைத் திருப்பிக் கொடுத்து வார்னிஷ் வாங்க நாங்கள் இருவரும் பிரிஞ்சாங்குக்குக் கிளம்பினோம். தர்ஷினி தானா ராத்தாவில் இருந்தாள். வெள்ளிக்கிழமை விளக்கு நின்றுபோகக் கூடாதே என்று, என் கணவரின் அக்கா பாக்கியம் அண்ணியிடம் சாவியைக் கொடுத்து, விளக்கை மட்டும் ஏற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

பாக்கியம் அண்ணி கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். இப்போது கியா பார்மில் மகனுடைய காய்கறிக் கடையில் உட்காருகிறார். என் கணவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா என்றால் வாசல் முழுக்க அவர் கோலம்தான்.

நாங்கள் திரும்பி வந்து கதவைத் திறந்தால், கூடத்தின் நடுவில் ஆளுயர மாக்கோலம். அரைத்த அரிசி மாவு, ஈரத்தோடு. நட்சத்திரமும் தாமரையும், சுற்றிக் காவிக் கரை, புள்ளிக்குப் புள்ளி குங்குமம். நடுவில் குத்துவிளக்கு எரிகிறது. விளக்கின் அடியில் தர்ஷினியின் சலங்கை, பூ வைத்து. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து தேங்காயை உடைத்துக்கொண்டிருந்தார். நான் வார்னிஷ் டின்னோடு வாசலிலேயே நின்றேன்.

"என்னா அமுதா அப்படிப் பாக்குற? ஆடி வெள்ளி. தரையும் புதுசாயிருச்சு. பிள்ள சலங்கைய வச்சி ஒரு பூச போடாம எப்படி?"

"அண்ணி, இன்னும் வார்னிஷ் போடலையே. வெறும் மரம். ஈரத்தைக் குடிச்சிடுமே."

"குடிக்கட்டும் லா. வெறும் மாவுன்னா காலையில போயிரும்னுதானே மஞ்சளும் கலந்து போட்டேன்!"

சிமெண்டுத் தரையிலும் மண் வாசலிலும் போட்டுப் பழகிய கை. மெருகில்லாத மரத்தில் மஞ்சளும் காவியும் இறங்கினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை. மலைமேல் வளைந்து வளைந்து வரும் ரோட்டில் தேங்காயும் பூவும் மாவுக் கிண்ணமுமாக மகனுடைய லாரியில் ஏறி வந்திருக்கிறார். கன்னத்தில் மாவு ஒட்டியிருக்கிறது. திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. கற்பூரத்தை ஒற்றிக்கொண்டு உள்ளே போய் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் துடைத்தோம். மாவு போனது. மஞ்சளும் காவியும் போகவில்லை. மர ரேகை ஒவ்வொன்றிலும் இறங்கி உட்கார்ந்திருந்தன. சனியும் ஞாயிறும் நான் தரையில் உட்கார்ந்து மணல் தாளைக் கையில் பிடித்துத் தேய்த்தேன். தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். தர்ஷினியும் சற்று நேரம் தேய்த்தாள். "ஈரக் கோலம் போடக் கூடாதுன்னு அத்தைக்கு யாரும் சொல்லலையா மா?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் யாருக்கு யார் சொல்வது?

5

திங்கட்கிழமை எனக்கு விசாவைப் புதுப்பிக்கும் நாள். முன்பதிவை மாற்ற முடியாது. தரையைத் தொடாதீர்கள், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸில் மலையிறங்கினேன்.

குடிநுழைவு ஆபீஸ் கவுண்டரில் இருந்த பெண் என் மகள் வயசு. என் தாள்களைப் புரட்டி, எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டாள். சொன்னேன். "இன்னும் இந்தத் தற்காலிகப் பாஸ்தானா?" என்றாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, ஆச்சரியத்தில்தான் கேட்டாள். நிரந்தர வசிப்புக்கு நான் போட்ட விண்ணப்பத்துக்கு வயது தர்ஷினியை விடச் சற்றே குறைவு என்பதை அவளுக்கு மலாயில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கணவர் எங்கே என்று கேட்டாள். வீட்டில் என்றேன். இந்த வருடம் புது விதியாம், கணவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இருவரும் சேர்ந்து இன்னொரு நாள் வாருங்கள் என்று தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னலில் தலை சாய்த்திருந்தேன். நான் திருச்சி விமான நிலையத்தில் ஏறிய அன்று, "பயப்படாதே, அங்கேயும் நம்ம ஜனங்கதான்" என்று அப்பா சொன்னார். உண்மைதான். ஆனால் நம் ஜனங்களுக்கு நடுவிலும் வருடா வருடம் நான் இங்கே இருக்கலாமா என்று கேட்டுக்கொண்டு போய் நிற்க வேண்டியிருக்கிறது. இந்த வீட்டில் இன்னும் இரண்டு பேர் இருப்பதால்தான் நான் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அதில் ஒருத்தி போய்விட்டால் என்ன செய்வேன் என்று அன்றைக்குத்தான் பயத்தோடு நினைத்துப் பார்த்தேன்.

வீடு வந்தபோது சாயங்கால வெயில். அந்த வெயிலில் கூடம் முழுக்கப் பளபளவென்று மின்னியது. நடுவில், தங்க நிறத்தில், ஒரு புள்ளி குறையாமல், அண்ணியின் கோலம்.

"வெயில் வந்துச்சு அமுதா!" என்றார் என் கணவர், பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி. "பத்து நாளா மூடுபனி. இன்னிக்கு விட்டா இனி எப்ப காயுறது? கற லேசாத்தான் தெரிஞ்சிச்சு. மேல அடிச்சா மறஞ்சிரும்னு நெனச்சேன். அடிக்க அடிக்க எழும்பி வருது லா!"

வார்னிஷ் பட்டதும் மரத்தின் நிறம் ஆழமாகி, மங்கிக் கிடந்த மஞ்சளும் காவியும் நேற்று போட்டது போலத் துலங்கிவிட்டன. முதல் பூச்சு, இரண்டாம் பூச்சு, அடியில் கோலம். அவர் விசாவைப் பற்றிக் கேட்டார். உங்கள் கையெழுத்து வேண்டுமாம் என்றேன். சொல்லிவிட்டுப் பின்பக்கமாகச் சுற்றி அடுப்படிக்குப் போனேன்.

அப்புறம் மூடுபனி திரும்பி வந்தது. வார்னிஷ் காய்வதற்குப் பத்து நாட்களுக்கு மேல் ஆனது. அது வரை அடுப்படி வழியாகவே போய் வந்தோம்.

6

ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்பதால், ஆவணி முதல் ஞாயிறு வகுப்பு என்று தர்ஷினி சொல்லியிருந்தாள். ஜொகூருக்குப் பதில் சொல்ல அதற்குப் பிறகு ஒரு வாரம்தான் இருந்தது. நான் சுண்டல் செய்து வைத்திருந்தேன். தர்ஷினி பருத்திப் புடவையை இழுத்துக் கட்டிக்கொண்டு, தட்டுக்கழியோடு தயாராக நின்றாள்.

பிள்ளைகள் வந்தார்கள், அம்மாக்களோடு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்த முதல் ஆள் மல்லிகா, தொழிற்சாலையில் இலை வாட்டும் பகுதியில் வேலை செய்பவள். பார்த்தவள் அப்படியே நின்றாள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். பிள்ளைகள் கோலத்தைச் சுற்றிச் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஒருத்தியும் நடுவில் கால் வைக்கவில்லை.

"என்னா கா இது, அம்மன் கோலம் மாதிரி இருக்கு?" என்றாள் மல்லிகா.

"பாக்கியம் அண்ணி ஆடி வெள்ளிக்குப் போட்டது. மரத்துல பிடிச்சிருச்சு. வேற ஒண்ணும் இல்ல. வாங்க."

"வெளக்கு வச்சி பூச போட்ட எடமா? அதுல எப்படிக்கா பிள்ளைங்க தட்டி ஆடுறது?"

தர்ஷினி, "பரவால்ல கா, இது இப்ப வெறும் கறைதான்" என்று சொல்லிக்கொண்டே காலை எடுத்து நடுவில் வைக்கப் போனாள். சுவரோரம் நின்ற சின்னப் பெண் ஒருத்தி, "அக்கா, மிதிக்காதீங்க!" என்று வீலென்று கத்தினாள். தர்ஷினி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அண்ணியும் வந்து சேர்ந்தார். எனக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கியது. "ஆடத்தானே அண்ணி சலங்கைக்குப் பூசை போட்டீங்க? இப்ப ஆடக் கூடாதுன்னா எப்படி?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

அண்ணி கோபப்படவில்லை. கோலத்தைப் பார்த்தார், அடுப்படி வாசலில் நின்ற என் கணவரைப் பார்த்தார். "பூச போட்டா மறுநா அழிச்சிட்டுத்தானே ஆடணும்? ரெண்டு நாள் நின்னா போதும்னுதான் நான் மஞ்சள் கலந்தேன். நீங்க அழிக்காம மேல எண்ணெய அடிச்சி மூடிட்டீங்க. இனி அது அம்மா உக்காந்த எடம். அதுல பிள்ளைங்கள நிக்க வைக்க எனக்கே மனசு வரலை, தம்பி" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. என் கோபத்துக்குப் போக இடமில்லாமல் போனது.

சுண்டலைச் சுவரோரம் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகள் போனார்கள். வேறு இடம் கிடைத்தால் சொல்லுங்கள், அனுப்புகிறோம் என்றார்கள் அம்மாக்கள். மனதாரத்தான் சொன்னார்கள்.

செய்யக்கூடியதையெல்லாம் செய்து பார்த்தேன். மறுநாளே பிரிஞ்சாங்குக்குப் போய்த் தவுக்கேயைக் கையோடு அழைத்து வந்தேன். மறுபடி தேய்க்க முடியுமா என்று கேட்டதற்கு, அவர் பலகை இடுக்கில் கத்தி முனையை விட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நிப்பிஸ் என்றார், மெல்லிசு. நடுவில் ஏற்கெனவே தேய்த்தது அதிகம், இனி தேய்த்தால் பலகைகளை ஒன்றோடொன்று கோத்திருக்கும் நாக்கு வெளியே வந்து தரையே ஆட்டம் கண்டுவிடும் என்றார். மேலே பாய் விரிக்கலாமே என்றேன். "பாய்ல கால் வழுக்கும்மா, சத்தமும் வராது" என்றாள் தர்ஷினி. கோயில் ஹாலைக் கேட்கலாம் என்றேன். அவள் தன் முட்டியைத் தடவிக்கொண்டாள்.

ஒரு வாரம் காத்திருந்தாள். அதற்காக அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆகஸ்ட் கடைசியில் ஒரு மத்தியானம், நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "ஜொகூருக்கு ஓகே சொல்லிட்டேன்மா" என்றாள். சரி என்றேன். வெங்காயம் நல்ல சாக்காக இருந்தது.

7

இப்போது எங்கள் வீட்டில் கூடத்தின் நடுவே யாரும் நடப்பதில்லை. நாங்களே சுவரோரமாகச் சுற்றித்தான் போகிறோம். வெள்ளிக்கிழமை அண்ணி வந்து நடுவில் விளக்கு வைத்துவிட்டுப் போகிறார். லயத்துப் பெண்கள் சிலர் கும்பிட்டுவிட்டுப் போகவும் ஆரம்பித்திருக்கிறார்கள். என் கணவருக்கு உள்ளூரப் பெருமை. விண்ணப்பம் எழுதி, அனுமதி வாங்கி, தூள் தின்று, தோள் கழன்று, என் மகளை ஒரு வருடம் இருக்க வைப்பதற்காகத் தேய்த்த தரை இது. எனக்கு எரிகிறது. யார் மேல் எரிகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

அவள் கிளம்பிய காலையில் என் கணவர் காரை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். தானா ராத்தாவில் பஸ் யாருக்காகவும் நிற்காது. அண்ணி திருநீற்றோடு வந்திருந்தார். நான் புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு வாசல் பக்கம் நின்றேன். தர்ஷினி அறையிலிருந்து இரண்டு தோளிலும் பையை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு பெட்டியோடு, அவசரமாக வந்தவள் சுவரோரம் போகவில்லை. நேராக நடந்து கூடத்தின் நடுவில் கோலத்தில் கால் வைத்தாள்.

"ஏய் பிள்ள, கோலத்த மிதிக்காத!" என்றார் அண்ணி.

"மிதிக்கட்டும் அண்ணி," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அவ காலுக்காகத் தேய்ச்ச தரை. அவ மிதிக்கட்டும்."

தர்ஷினி அப்போதுதான் குனிந்து பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்தாள். தாமரையின் மேல் நின்று, வெறுங்காலை ஒருமுறை முன்னும் பின்னும் மெதுவாகத் தேய்த்துப் பார்த்தாள்.

"நல்லா வழவழன்னு இருக்கு மா" என்றாள்.

பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு, என்னிடமிருந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, செருப்பை மாட்டிப் படி இறங்கினாள்.